இருவரேன்

பக்கத்து வகுப்பு டீச்சருக்குச் 'சுற்றுவழி' என்று பட்டப்பெயர் வைத்தவள் நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதை விட இது மேல்.

அவள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு எட்டு நிமிட நடை. கால்வாய்ப் பாலத்தில் ஏறி இறங்கினால் ஐஸ் கம்பெனி. அதன் நீளச் சுவர் முடிந்ததும் தபால் ஆபீஸ், அதற்கு எதிர்த் தெருவில் நாங்கள். கண்ணைக் கட்டி விட்டாலும் வந்து சேரலாம். அவளோ கீழ்ப் பாலம் வரை போய், மர டிப்போவைச் சுற்றி, பஸ் நிலையத்துக் கூட்டத்தில் இடிபட்டு, அரை மணி நேரம் நடந்து, மணி அடிக்கிற நேரத்துக்கு வேர்த்து விறுவிறுத்து வந்து நிற்பாள். மழை நாளில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வருவாள். ஏன் இப்படி என்று கேட்டால், "நடந்தா உடம்புக்கு நல்லது டீச்சர்" என்பாள். உடம்பு குச்சியாகத்தான் இருந்தது. இனி இளைக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை. பதினொரு வருஷம் நான் அவளை இதைச் சொல்லிக் கேலி செய்திருக்கிறேன். நினைத்தால் இப்போது என் வாயிலேயே நாலு போடலாம் போலிருக்கிறது.

அவள் இரண்டாம் வகுப்பு, நான் மூன்றாம் வகுப்பு. நடுவில் சுவர் கிடையாது, பலகைத் தடுப்புதான். மேலே இரண்டு முழம் திறந்தே கிடக்கும். அவள் பாடம் நடத்தினால் என் பிள்ளைகளுக்கு இரண்டாம் வகுப்பு மறுபடி ஒருமுறை நடக்கும். நான் கத்தினால் அவள் பிள்ளைகளுக்கு அடுத்த வருஷத்துப் பயம் இந்த வருஷமே வந்துவிடும். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது ஒரே ஒரு முறை. கூட்டிப் பெருக்க வந்த புதுப் பெண் வெள்ளந்தியாக, "அக்கா, அலமாரிச் சாவி குடுங்க" என்று கேட்டுவிட்டாள். "டீச்சர்னு கூப்பிடு!" என்று விழுந்த சத்தத்தில் அந்தப் பெண் ஒரு வாரம் இரண்டாம் வகுப்புப் பக்கமே போகவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் வயதில் மூத்தவர்கள் எல்லாருமே அக்காதான். இவளுக்கு மட்டும் அந்தச் சொல் ஆகாது. தலைக்கனம் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவோடு இருந்தாள். அந்த அம்மா ஒரு காலத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சீருடை தைத்துக் கொடுத்தவர். கண் மங்கிய பிறகு ஓரம் அடிப்பது, பட்டன் வைப்பது மட்டும். எல்லாருக்கும் தையல் அம்மா. மகளுக்குப் பெரிய ஊரில் நல்ல பதவி இரண்டு தடவை வந்தது. தையல் அம்மா வீட்டை விட்டு அசைய மறுத்துவிட்டார். "நாங்க போயிட்டா, சின்னவ வந்தா வீடு எப்படித் தெரியும்?" என்பார்.

சின்னவள் கதை ஊருக்கே தெரியும். முப்பத்து நான்கு வருஷத்துக்கு முன், ஐந்து வயதில், அக்காவோடு பள்ளிக்கூடம் கிளம்பியவள். வழியில் அக்கா கையை உதறிவிட்டு முன்னால் ஓடினாள். அதற்குப் பிறகு அவளை யாரும் பார்க்கவில்லை. அளவு கொடுக்க வரும் பிள்ளைகளிடம் தையல் அம்மா டேப்பைத் தோளில் போட்டுக்கொண்டே சொல்வார்: "ரோட்ல ஓடாதீங்க. என் சின்னப் பொண்ணு இப்படித்தான், சொன்ன பேச்சு கேக்காத கழுதை, ஓடிப் போய்த் தொலைஞ்சா." அந்தக் குரலில் துக்கத்தை விடக் கோபம்தான் தூக்கலாக இருக்கும். அவ்வளவு வருஷக் கோபம் இன்னும் ஆறவில்லையே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்ததுண்டு.

போன வருஷம் புதுப் பாடப் புத்தகம் வந்தது. இரண்டாம் வகுப்பில் ஒரு பாடம், 'நான் வரும் வழி'. வீட்டிலிருந்து பள்ளி வரை வழியை வரைய வேண்டும். இடங்களுக்கு நீங்கள் என்ன பெயர் சொல்வீர்களோ அதையே எழுத வேண்டும். பிறகு வகுப்பே சேர்ந்து ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து நடந்து போய்ப் பார்க்க வேண்டும். அந்த இடம் தெரிந்த பெரியவர் ஒருவரையும் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும். பாடப் புத்தகம் எழுதுகிறவர்கள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதிவிடுவார்கள். வெயிலில் இருபத்தொன்பது பிள்ளைகளைக் கட்டி இழுப்பது நாங்கள்தானே.

அந்தப் பாடத்துக்கான பயிற்சிக்கு அவள் இரண்டு நாள் போயிருந்தாள். வரைய வைக்கிற வேலை என் தலையில் விழுந்தது. பிள்ளைகள் வரைந்து தள்ளினார்கள். ஒருவன் வீடு பள்ளிக்கூடத்தை விடப் பெரிது. ஒருத்தியின் நாய் பஸ்ஸை விடப் பெரிது. பல் டாக்டர் இருக்கிற தெருவுக்கு 'அய்யோ தெரு' என்று பெயர். சிரித்துக்கொண்டேதான் திருத்தினேன். கால்வாய்க்கு அக்கரையிலிருந்து வரும் பிள்ளைகள் ஒன்பது பேர். அந்த ஒன்பது தாளிலும் ஐஸ் கம்பெனிச் சுவரில் ஒரு கதவு, கதவுக்குள் ஒரு சின்னப் பெண், கை இரண்டும் நேராகத் தொங்க. ஒன்பதிலும் அவளுக்குக் கீழே ஒரே சொல்: இருவரேன்.

ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பி அடித்திருக்கிறது என்று எனக்குக் கோபம். சிவப்புப் பேனாவால் நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன்: இருவர் / ஏன். ஓரத்தில், 'எந்த இருவர்? கேள்வி முழுமையாக இல்லை' என்று வேறு எழுதி வைத்தேன். ஒன்பது தாளிலும் எழுதினேன்.

அந்த ஒன்பது பேரில் ஒருத்தியை நாங்கள் ரேடியோ என்போம். தூங்கும்போது மட்டும் வாய் மூடும். அவளைக் கூப்பிட்டேன்.

"என்னடி இது, இருவர் ஏன்?"

"இருவர் ஏன் இல்ல டீச்சர். இருவரேன்."

"அப்படின்னா?"

"அந்த எடத்தோட பேரு."

"அது ஐஸ் கம்பெனி மூலை."

"அது உங்களுக்கு டீச்சர்."

எனக்கு ஒன்றும் தெரியாது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பெரிய மனது பண்ணி விளக்கினாள். ஐஸ் கம்பெனிச் சுவரில் செங்கல் வைத்து அடைத்த பழைய வாசல் ஒன்று இருக்கிறதாம். ஆள் ஒதுங்கி நிற்கிற அளவுக்குக் குழி. அதில் ஒரு பாப்பா நிற்கிறதாம்.

"அவங்க அக்கா 'இரு, வரேன்'னு சொல்லிட்டுப் போனாங்க. வரவே இல்ல. பாப்பா அங்கயே நிக்குது. அந்தப் பக்கம் போனா ஈரச் சுவத்தத் தொட்டு, 'உங்க அக்கா இன்னும் வரல'ன்னு சொல்லிட்டுத்தான் போகணும்."

"சொல்லலன்னா?"

"நம்மதான் அக்கான்னு நெனச்சு நம்ம பின்னாடியே வந்துடும்." குரலைத் தாழ்த்தினாள், ரேடியோ குரல் தாழ்ந்து அன்றுதான் கேட்டேன். "அது பாவம் டீச்சர். ஆனா கூட்டிட்டுப் போகக் கூடாது. அவங்க அக்கா வந்தா தேடுவாங்கல்ல?"

"யார் சொன்னது இதெல்லாம்?"

"யாரும் சொல்லல. எல்லாருக்கும் தெரியும்."

நல்ல பட்டப்பகல். ஆனாலும் எனக்குக் கை மயிர் சிலிர்த்தது. அந்தச் சுவரைத் தொட்டுக்கொண்டு நான் எத்தனையோ நாள் நடந்திருக்கிறேன். வெயில் காலத்திலும் அது வேர்த்து ஈரமாகத்தான் இருக்கும். உள்ளே ஐஸ் இருக்கிறது, வேர்க்கத்தான் செய்யும் என்று கையைத் துடைத்துக்கொண்டு போனவள் நான்.

மறுநாள் மத்தியானம் பயிற்சி முடிந்து இரண்டாம் வகுப்பு டீச்சர் வந்ததும் தாள்களைக் கொடுத்தேன். எந்த இடத்துக்குப் போகலாம் என்று பிள்ளைகளைக் கைதூக்கச் சொன்னதையும், ஒன்பது பேர் சொல்லிச் சொல்லி மற்ற இருபது பேரும் அதே இடத்துக்குத்தான் கைதூக்கினார்கள் என்பதையும் சொல்லிவிட்டு என் வகுப்புக்கு வந்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவள் நாற்காலியில் உட்கார்ந்து என் சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்திருந்தாள்.

"இதை யார் பிரிச்சது?"

"நான்தான். தப்பாப் பிரிச்சுட்டேன் போலிருக்கு."

"'இரு. வரேன்.' அப்படிப் பிரிக்கணும்." தாள்களைக் கவிழ்த்து வைத்தாள். "வெள்ளிக்கிழமை நீங்க கூட்டிட்டுப் போறீங்களா டீச்சர்? நான் உங்க கிளாஸப் பாத்துக்கறேன்."

எனக்குக் காய்ச்சல் வந்து இறங்கியிருந்த சமயம். "உன் கிளாஸ், உன் பிள்ளைங்க, உன் கால். என்னை ஏன் வெயில்ல இழுக்கற?" என்று எரிந்து விழுந்தேன். அப்போதுதான் சொன்னாள். நாற்பத்திரண்டு வயதுப் பெண், பிள்ளைகள் உட்காரும் குட்டிப் பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னாள்.

அன்றைக்கு அவளுக்கு எட்டு வயது. பாலம் தாண்டி ஐஸ் கம்பெனி வந்த பிறகுதான் ஓவிய நோட்டை வீட்டில் விட்டது ஞாபகம் வந்தது. தங்கையை அந்த அடைத்த வாசலில் நிறுத்தி, "இரு, வரேன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். நோட்டை எடுத்தாயிற்று. திரும்பும்போது பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு லாரியிலிருந்து நிலைக்கண்ணாடி ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஆளுயரக் கண்ணாடி. நாலு பேர் தூக்கினார்கள், அதில் பாலமும் வானமும் சாய்ந்து சாய்ந்து நேரானது.

"அவ்ளோ பெரிய கண்ணாடி நான் பாத்ததே இல்ல. என்னை முழுசாப் பாத்தேன். பாத்துட்டே நின்னேன் டீச்சர். அஞ்சு நிமிஷமோ, அரை மணி நேரமோ, இன்னிக்கு வரைக்கும் தெரியல."

வந்தபோது வாசல் காலி.

பள்ளிக்கூடத்திலும் இல்லை. அம்மா வந்து கேட்டபோது, தனியாக விட்டுவிட்டுப் போனேன் என்று சொன்னால் அடி விழும். "முன்னாடி ஓடிட்டா. கூப்பிடக் கூப்பிட ஓடிட்டா" என்று சொன்னாள். அன்று முழுக்கப் பள்ளிக்கூடத் தெருவிலும் பஸ் நிலையத்திலும் சந்தையிலும் தேடினார்கள். ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் மறுநாள்தான் இறங்கிப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

"நான் சொன்ன எடத்துல தேடினாங்க. அவ நின்ன எடத்துல யாருமே தேடல."

அந்த ஒன்பது தாளையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

அன்றைக்குச் சின்னவளைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இருந்திருப்பார்கள். ஏண்டி நிக்கற என்று கேட்டிருப்பார்கள். அக்கா இரு வரேன்னு சொன்னா என்று அவளும் சொல்லியிருப்பாள். போலீஸ் கடைக்காரர்களைக் கேட்டது, வண்டிக்காரர்களைக் கேட்டது. ஆறு வயது, ஏழு வயதுப் பிள்ளைகளைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அதனால் பிள்ளைகள் அதைத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். வளர்ந்து மறந்தார்கள், மறப்பதற்கு முன் அடுத்த பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார்கள். சுற்றுவழியில் போய்வந்த அக்காவின் காதில் மட்டும் அது விழவே இல்லை.

"எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்ல டீச்சர். அவ ஓடல. அம்மா இத்தனை வருஷமா அவளைத் திட்டிட்டே இருக்காங்க. அவ ஓடலன்னு அம்மாவுக்குத் தெரியணும். ஆனா வீட்ல சொல்ல வாய் வரமாட்டேங்குது. ஆயிரம் தடவை ஆரம்பிச்சிருக்கேன்."

"புத்தகத்துல பெரியவங்க ஒருத்தரைக் கூப்பிடச் சொல்லியிருக்குல்ல?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தலையசைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குக் கிளம்பினோம். என் வகுப்பைத் தலைமையாசிரியை தலையில் கட்டிவிட்டு நானும் போனேன். பிள்ளைகள் இருவர் இருவராகக் கை கோத்து வரிசை. இருபத்தொன்பதில் ஒன்று எப்போதும் மிஞ்சும். மிஞ்சுவது ரேடியோ, அவள் டீச்சர் கையைப் பிடித்துக்கொள்வாள். தபால் ஆபீஸ் வரை டீச்சர் நன்றாகத்தான் நடந்தாள். சுவர் ஆரம்பித்ததும் ஒவ்வோர் அடியும் சின்னதாகிக்கொண்டே வந்தது. ரேடியோ அவளை இழுத்துக்கொண்டு போனாள்.

தையல் அம்மா வீட்டிலிருந்து பாலம் இறங்கி எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தார். அந்தச் சுவரை ஒட்டித்தான் முப்பத்து நான்கு வருஷமாக நூலும் பட்டனும் வாங்கப் போய் வந்திருக்கிறார். அவருக்கு அது வெறும் ஐஸ் கம்பெனி.

"இங்க என்ன இருக்குன்னு என்னை வரச் சொன்னே? சுவருதானே இருக்கு" என்றார் மகளிடம்.

மகள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. எங்கள் ரேடியோவுக்கு அவ்வளவு இடைவெளி போதும். ஈரச் சுவரில் உள்ளங்கையை வைத்து, பாடம் ஒப்பிக்கிற குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். பாப்பா, அக்கா, இரு வரேன், இன்னும் வரல.

தையல் அம்மா பாதி கேட்கும்போதே சிரித்தார். "அது பொய்க் கதை கண்ணு. அந்தப் பாப்பா என் பொண்ணு. அவ நிக்கல. முன்னாடி ஓடிட்டா."

"இல்ல தையல் அம்மா. ஓடவே இல்ல. சொன்ன பேச்சு கேட்டு அங்கயே நின்னுச்சு."

தையல் அம்மா மெதுவாகத் திரும்பி மகளைப் பார்த்தார்.

"என்னடி சொல்றா இவ?"

"ஆமாம்மா. நான்தான் இரு வரேன்னு சொல்லிட்டுப் போனேன். ஓடிட்டான்னு சொன்னது பொய்."

"நின்னாளா?"

"நின்னாம்மா."

உள்ளே ஏதோ யந்திரம் ஓடும் சத்தம் மட்டும் சுவர் வழியே வந்துகொண்டிருந்தது. தையல் அம்மா மகளின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். என் பக்கத்தில் ஒரு பிள்ளை விசும்ப ஆரம்பித்தது.

"அன்னிக்கே சொல்லியிருந்தா இந்த ஒரு அடியோட போயிருக்குமேடி. முப்பத்து நாலு வருஷமாத் தூக்கிட்டு அலைஞ்சியே!"

பிறகு அந்த அடைத்த வாசலுக்குள் நுழைந்து, நெற்றி ஈரத்தில் படும்படி சுவரில் சாய்ந்தார். "உன்னைப் போய்க் கழுதைன்னேன். போற வர்ற பிள்ளைங்ககிட்டல்லாம் உன்னைக் குத்தம் சொன்னேன். சொன்ன பேச்சு கேட்ட பிள்ளைடி நீ." இதைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. பிள்ளைகள் முன்னால் நான் அழுததே கிடையாது, அன்று அழுதேன்.

அவர் வெளியே வந்ததும் மகள் அந்த வாசலுக்கு முன் போய் நின்றாள். நாங்கள் யாரும் இல்லாத மாதிரிதான் பேசினாள்.

"பாப்பா, அக்கா வந்துட்டேன். வா, போலாம்."

பதினொரு வருஷமாக யாரும் சொல்லக் கூடாதென்று தடுத்து வைத்திருந்த 'அக்கா' என்ற சொல்லை அவளே சொன்னாள். இடது கையை நீட்டி, சற்றுத் தாழ்த்தி, விரல்களை மூடினாள். ஐந்து வயதுப் பிள்ளையின் கை இருக்கிற உயரம் எனக்குத் தெரியும். தினமும் பார்க்கிற உயரம்தான்.

எப்போதும் அந்தக் கையைத்தான் ரேடியோ பிடிப்பாள். அன்று அவள் ஒரு நொடி பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனாள்.

"நீங்க அவளப் பிடிச்சுக்கோங்க டீச்சர். நான் இந்தப் பக்கம் வரேன்."

நேர்வழியில் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினோம். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் வாயை மூடு என்று சொல்கிறவள் நான். ஆனாலும் தபால் ஆபீஸ் முன்னால் சாலையைக் கடக்கும்போது, அவளுடைய இடது பக்கம் ஒரு பிள்ளை நடக்கிற அளவு இடம் விட்டுத்தான் நானும் நடந்தேன். வகுப்புக்குள் நுழையும் வரை அவள் விரல்களைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் எட்டு நிமிடத்தில் வந்துவிடுகிறாள். என் பட்டப்பெயர் செத்துப்போனது. தையல் அம்மா இன்னும் அந்த வீட்டை விட்டு வர மறுக்கிறார். பிள்ளைகளை ஓடாதே என்று சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டார்.

இந்த வருஷம் ரேடியோ என் வகுப்புக்கு வந்துவிட்டாள். என் காது போச்சு. போன வாரம், இரண்டாம் வகுப்புக்கு ஏறிய புதுப் பிள்ளைகள் வழி வரைந்திருக்கிறார்கள் என்று முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சின்னப் பெண் தாள்கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "டீச்சர் உங்ககிட்ட காட்டச் சொன்னாங்க." அக்கரைப் பிள்ளைகளின் தாளாகத் தேடி எடுத்தேன். பாலம் இருந்தது, சுவர் இருந்தது, அடைத்த வாசலும் இருந்தது. வாசலுக்குள் யாரும் இல்லை. கீழே 'ஐஸ் கம்பெனி' என்று மட்டும் எழுதியிருந்தது.

"இங்க ஒரு பாப்பா நிக்குமேடி?" என்று கேட்டேன். மெதுவாகக் கேட்பதாக நினைத்துத்தான் கேட்டேன். என் தொண்டை அப்படி, தடுப்பு தாண்டிக் கேட்டிருக்கும். அந்தப் பக்கம் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த சாக்பீஸ் நின்றது.

உலகம் தெரியாதவளைப் பார்ப்பது போல் அந்தச் சின்னப் பெண் என்னைப் பார்த்தாள்.

"அது அப்போ டீச்சர். பாப்பா போயிடுச்சு. அவங்க அக்கா வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. எல்லாருக்கும் தெரியும்."

தாள்களை அடுக்கிக் கொடுத்தனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து, தடுப்புக்கு அந்தப் பக்கம் சாக்பீஸ் மறுபடி எழுத ஆரம்பித்தது.